30 டிகிரியும் 30 மில்லிமீட்டரும்

ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் கூடாது என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி. மாருதி 800-க்கு சுசுகியின் கணக்கு வேறு: விளிம்பில் 0 முதல் 30 மில்லிமீட்டர். ஸ்டியரிங்கின் விட்டம் 38 செ.மீ. என்றால் சுற்றளவு 119 செ.மீ.; அதில் 30 டிகிரி ஏறக்குறைய 10 செ.மீ. ஆக, சட்டம் பொறுத்துக்கொள்வது கம்பெனி பொறுப்பதைப்போல் மூன்று மடங்கு. அந்த 10 செ.மீ.யைத் திருப்பக் கைக்குக் கால் நொடி பிடித்தாலும், 60 கி.மீ. வேகத்தில் வண்டி 4 மீட்டர் போயிருக்கும், சக்கரம் திரும்பாமலே. எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

800-இன் உற்பத்தி 2014-இல் நின்றது. கடைசி வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது; ஸ்டியரிங்கில் தேய்மானம் இருக்கவே செய்யும்.

தேய்மானம் சின்னது, கையில் தெரிவது பெரியது. ஸ்டியரிங் ஒரு சுற்றுக்கு ரேக் (சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு) 40 மி.மீ. நகர்வதாக வைத்துக்கொள்வோம். அதைத் தள்ளும் பல்சக்கரமான பினியனுக்கும் ரேக்குக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி விழுந்தால் 9 டிகிரி, அதாவது விளிம்பில் 30 மி.மீ. அனுமதி முழுவதும் அங்கேயே தீர்ந்தது! ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் ஒரு பக்கம் மட்டும் போனால் இவ்வளவு தெரியாது. மறுபக்கச் சக்கரம் கையைத் தாங்கிப் பிடிக்கும். அதனால் ஒருவர் ஸ்டியரிங்கை ஆட்ட, இன்னொருவர் வண்டிக்கு அடியில் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரலால் தொட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. இதற்குச் செலவில்லை.

வெளிக்கடை விலையில் தோராயக் கணக்கு (ஊருக்கு ஊர் மாறும்): டை ராட் எண்ட் இரண்டு 700 ரூபாய், ரேக் பூட் இரண்டு 300, ஸ்டியரிங் ஜாயின்ட் 600, கூலி 800, அலைன்மென்ட் 400. மொத்தம் 2,800. டை ராட் எண்டின் நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் சில்லறைக் காசுதான். பழையதை நிமிர்த்தி மறுபடி மாட்டுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். அலைன்மென்ட் 400-ஐ மிச்சம் பிடித்தால் முன் டயர் இரண்டும் ஒரு பக்கமாகத் தேயும். ஒரு டயரே 2,000-க்கு மேல்.

ரேக்கே போயிருந்தால் புதியது, கூலி உட்பட 5,000-ஐத் தொடும். ரேக்கின் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை இறுக்கினால் போதாதா? பாதிதான் பலிக்கும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரேக்கின் நடுப்பல் தேய்ந்திருக்கும், ஓரப்பல் புதிதாக இருக்கும். நடுவுக்கு ஏற்ப இறுக்கினால் வளைவில் பிடிக்கும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. சென்னை புதுப்பேட்டையில் பாதி விலைக்குப் பழைய ரேக் கிடைக்கும். அதற்கும் இதே நோய் இருக்கலாம். கடையிலேயே பினியனைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றிப் பாருங்கள். ஓரத்தில் இறுக்கமாகவும் நடுவில் லொடலொடவென்றும் இருந்தால் விலை பேசவே வேண்டாம்.