கடைசி ஓவர்க்காரரை எப்போது விடுவது?

கையிலிருக்கும் நல்ல ஆட்டக்காரரை எப்போது விடுவது, எப்போது காப்பது என்ற கேள்வியைப் பேராக் காற்பந்து ரசிகர்கள் பட்டு அறிந்தவர்கள். 2018-இல் ஷா ஆலாமில் திரெங்கானுவைப் பினால்டியில் வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை ஈப்போவுக்குக் கொண்டுவந்த அணி, சம்பளப் பாக்கியில் சிக்கி, ஆட்டக்காரர்களை இழந்து, 2021-இல் சூப்பர் லீக்கிலிருந்தே கீழிறங்கியது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் மாற்றுத் தொகை இல்லாமலே வேறு கிளப்புக்குப் போகலாம். அப்படிப் போனால், பழைய கிளப்புக்கு மாற்றுத் தொகையாக ஒரு ரிங்கிட்கூட வராது.

அமெரிக்கப் பேஸ்பாலில் 'குளோசர்' விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அணி சிறு முன்னிலையில் இருக்கும்போது பெரும்பாலும் கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் பந்தெறிய வருபவர் அவர். ஆறு ஆண்டுச் சேவையும் ஒப்பந்தமும் முடிந்தால் விரும்பிய அணிக்குப் போகலாம். 2016 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ், அந்த ஆண்டோடு ஒப்பந்தம் முடியவிருந்த அரோல்டிஸ் சாப்மனைச் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்து, இளம் வீரர் கிளேபர் டோரஸ் உட்பட நால்வரைப் பெற்றது. கப்ஸ் 108 ஆண்டுக் காத்திருப்புக்குப்பின் பட்டம் வென்றது. டிசம்பரில் அதே சாப்மனை யாங்கீஸ் ஐந்தாண்டுக்கு 8.6 கோடி டாலரில் திரும்ப எடுத்தது. இரு தரப்புமே சரியாகத்தான் கணக்குப் போட்டன, ஏனென்றால் இரண்டும் நின்ற இடம் வேறு.

நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு நெருக்கமான குளோசர், ஐபிஎல் கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களை வீசும் மதீஷ பதிரனா. 2023-இல் 12 ஆட்டங்களில் 19 விக்கெட் எடுத்துச் சென்னை சூப்பர் கிங்ஸின் பட்டத்துக்குத் துணைநின்றார். 2025-க்கு முன் சென்னை அவரை 13 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தது. அந்தப் பருவத்தில் ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல் கொடுத்தார். அணியும் முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. நவம்பரில் விடுவிக்கப்பட்டவரை டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது.

விலை ஐந்து கோடி ஏறியதே சென்னை தவறியதற்குச் சாட்சி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏல விலை அன்றைக்குப் போட்டியிட்ட சில அணிகளின் தேவையைத்தான் சொல்கிறது. முதல் பதினாறு ஓவரிலேயே ஆட்டத்தைக் கோட்டைவிடும் அணிக்குக் கடைசி நான்கு ஓவரில் காக்க என்ன இருக்கிறது? என் குறை வேறு. அதே நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்துச் சஞ்சு சாம்சனை வாங்கத் தெரிந்த அணி, பதிரனாவுக்கு ஈடாக ஒரு வீரரைப் பெறாமல், கையிருப்பில் 13 கோடி கூடியதோடு நின்றுவிட்டது.

இப்படிப்பட்டவர் மறுபடி கிடைப்பாரா என்ற கவலை நியாயமானது. பட்டத்துக்கு அருகில் நிற்கும் அணி அந்தக் கவலைக்கு விலை கொடுத்தே ஆகவேண்டும். 2018-இல் பேராக் அங்கேதான் நின்றது: லீக்கில் இரண்டாமிடம், கையில் கிண்ணம். அந்த அணியைக் கட்டிக்காக்க, முதலில் மாதச் சம்பளம் மாதம் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.