பழைய டிராக்டருக்குப் புதிய கிளட்சு

உழவு நடந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் உரக்க இரைகிறது. ஆனால் சக்கரங்கள் அதற்கேற்ற வேகத்தில் நகரவில்லை. சிறிது நேரத்தில் கருகிய நாற்றமும் எழுகிறது. கிளட்சுத் தட்டு வழுக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இவை அடையாளம். பழைய டிராக்டர் வைத்திருப்போர் யாவரும் ஒரு நாள் காணும் நிலைதான் இது. எனினும், வேற்று மாநிலங்களில் நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ பயிரிடும் நம்மவர்க்கு இதில் தொல்லை சற்று மிகுதி. விதைப்புக் காலத்தில் பட்டறைக்காரரைப் பிடிப்பது அரிது. பிடித்தாலும், அவர் பேசும் பஞ்சாபியோ கன்னடமோ முழுதும் விளங்காமற் போதல் உண்டு. ஆகவே, வேலையை வீட்டு முற்றத்திலேயே முடித்துவிடலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பே. முடிக்கலாம். ஆனால், அவ்வேலையில் அஞ்ச வேண்டிய இடம் எது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அந்த இடம் கிளட்சு அன்று.

முதலில், கிளட்சை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். மிதியைக் கையால் அழுத்தினால், தொடக்கத்தில் சிறிது தூரம் அது தடையின்றி இறங்க வேண்டும். தட்டின் லைனிங் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும். அது அறவே இல்லாமற் போனால், நாம் மிதியாத போதும் மிதித்த நிலையிலேயே கிளட்சு நின்று வழுக்கும். வண்டியின் கைந்நூலில் குறித்த அளவுக்குத் தளர்வைத் திருத்தியதும் பல வண்டிகள் மீண்டும் நன்றாக உழுகின்றன. பத்து நிமிட வேலை அது. திருத்திய பின்னரும் வழுக்கினால்தான் வண்டியைப் பிரிக்க வேண்டும்.

பிரிப்பது என்று சொல்லுவதற்கு இங்கே நேர்ப்பொருள்தான். லாரிக்கு நீண்ட அடிச்சட்டம் உண்டு. ஆதலின் கியர் பெட்டியை மட்டும் இறக்கிக் கிளட்சை எடுத்துவிடலாம். டிராக்டர்கள் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய சட்டம் இல்லை. 1917இல் ஹென்றி ஃபோர்டு பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய ஃபோர்ட்சன் டிராக்டரில், எஞ்சினும் கியர் பெட்டியும் பின்னச்சுக் கூடும் ஒன்றோடொன்று போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டு, அவையே வண்டியின் முதுகெலும்பாக அமைந்தன. அம்முறையே பின்னர் எங்கும் பரவிற்று. சென்னை செம்பியத்தில் டாஃபே நிறுவனத்தார் 1960களில் உற்பத்தி செய்த மாஸி பெர்குசன் 35 வண்டியும் இவ்வகையே. பிறப்பு இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் என்றாலும், வளர்ப்பால் அதை நம் ஊர் வண்டி என்று உரிமை கொண்டாடுவதில் பிழையில்லை. ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ள அந்த வண்டியை நடுவில் இரண்டாகப் பிளந்தாலன்றி, ஒரு சாண் அகலத்திற்குச் சற்று மேற்பட்ட அந்தத் தட்டைக் கையால் தொட இயலாது.

பிளந்தவுடன் என்ன நேரும்? மேடுபள்ளமான நிலத்தில் நான்கு சக்கரங்களும் தரையைத் தொட்டுச் செல்லும்பொருட்டு, முன்னச்சு நடுவிலுள்ள ஒரே முளையில் ஏற்றமரம் போல இருபுறமும் ஆடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வண்டி முழுமையாக இருக்கும்போது, எஞ்சின் பக்கவாட்டில் சாயாமல் பின்பாதி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிணைப்பு நீங்கியதும் அந்தப் பிடி போய்விடுகிறது. முன் சக்கரங்கள் இரண்டும் தரையில் ஊன்றி நிற்பதைக் கண்டு, முன்பாதி தானே நிற்கும் என்று நம்புவோர் உளர். சக்கரங்கள் நிற்கும், எஞ்சின் கவிழும். கவிழும் பக்கத்தில் ஸ்பானரோடு ஒருவர் குனிந்திருந்தால், அவர் தப்பி எழுவது அரிது.

இதைத் தடுக்க வேண்டுவன இரண்டு மர ஆப்புகளே. உறுதியான மரத்தில் செதுக்கிய அவற்றை, முன்னச்சுக்கும் அதன் மேலுள்ள வார்ப்பிரும்புத் தாங்கிக்கும் இடையே, இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாகச் சம்மட்டியால் அடித்து இறுக்க வேண்டும். நழுவி விழாதபடி கம்பியால் கட்டவும் வேண்டும். ஒரு போல்ட்டைக் கூடத் தளர்த்துமுன் செய்ய வேண்டிய வேலை இது. ஆப்பு வைக்காமல் வண்டியைப் பிரிக்க முற்படும் மிஸ்திரி எத்தனை அனுபவசாலியாயினும், அவரை நிறுத்திக் கேட்க நீங்கள் கூச வேண்டியதில்லை.

வேலைக்குச் சமமான சிமெண்டுத் தரை வேண்டும்; மண் தரையில் ஜாக்கி புதையும். ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்கி நிற்பதற்கு அன்று. எண்ணெய் கசிந்தால் அது தானே இறங்கிவிடும். எஞ்சினின் அடியில் அகன்ற பலகை வைத்து, அதன் கீழ் கனத்த கட்டைகளை அடுக்கி முன்பாதியை அசையாமல் நிறுத்துங்கள். கியர் பெட்டியின் அடியில் சக்கரம் வைத்த ஜாக்கியைக் கொடுத்துப் பின்பாதியைப் பின்னுக்கு உருட்டுவதே நல்லது என்பது என் கருத்து. பெரிய சக்கரங்கள் இரண்டின்மேல் அது பக்கவாட்டில் சாயாது. கியர் பெட்டியின் மூக்கு கீழே தாழாமல் பார்த்துக்கொண்டால் போதும். உருட்டும் நேரம் வரை அச்சக்கரங்களுக்கும் முட்டுக்கொடுத்து வையுங்கள். மூன்று பேராவது இருக்க வேண்டும். குழந்தைகள் அருகில் வரலாகாது.

பாட்டரி இணைப்பு, பானெட், மின்கம்பிகள், எரிபொருள் கட்டுப்பாட்டுக் கம்பிகள், ஸ்டியரிங்கிலிருந்து முன்னே செல்லும் தண்டுகள், முன்னச்சிலிருந்து பின்னே வரும் தண்டுகள் ஆகியவற்றைக் கழற்றுவது பொறுமையை மட்டுமே கேட்கும் வேலை. ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டுக் கட்டி வைத்தால் மறுநாள் குழப்பம் இராது.

வண்டி பிரிந்ததும் உள்ளே கரிய தூசு படிந்திருப்பதைக் காண்பீர்கள். அதை ஊதித் தள்ளாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது; அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது. மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மூடி, ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

தட்டில் எண்ணெய் படிந்திருந்தால், அது எஞ்சினின் பின் சீலிலிருந்து வருகிறதா, கியர் பெட்டியின் முன் சீலிலிருந்து வருகிறதா என்று கண்டறிந்து மாற்றியாக வேண்டும். இல்லையேல் புதிய தட்டும் சில நாட்களில் நனைந்து வழுக்கும். ஃபிளைவீலின் முகத்தில் வெடிப்போ ஆழ்ந்த கீறலோ இருந்தால், அதைக் கடைசல் பட்டறைக்கு அனுப்புங்கள். ரிலீஸ் பேரிங்கையும், ஃபிளைவீலின் நடுவிலுள்ள சிறு பேரிங்கையும் இப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். அவற்றுக்காக மறுபடியும் வண்டியைப் பிளக்க யாரும் விரும்பார். ரிலீஸ் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவும் வழக்கம் சிலரிடம் உண்டு. உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் கரைந்துபோகும். ஆதலின் அது கூடாது.

இரட்டைக் கிளட்சு அமைந்த வண்டிகளைப் பற்றி ஒரு சொல். மிதியைப் பாதி அழுத்தினால் வண்டி நிற்கும். முழுதும் அழுத்தினால் பி.டி.ஓ. தண்டும் நிற்கும். இக்கட்டினுள் பெருவிசையோடு அழுத்தப்பட்ட வில் உண்டு. முறையான கருவியின்றி அதைப் பிரிப்பது வீட்டில் செய்யும் வேலையன்று. கட்டோடு கழற்றிப் பட்டறையில் கொடுத்துச் சீரமைத்து வாங்குங்கள்.

ஒற்றைக் கிளட்சில், ஃபிளைவீலை நோக்க வேண்டிய பக்கம் எது என்பதைத் தட்டின்மேல் பார்த்துக்கொள்ளுங்கள். கியர் பெட்டித் தண்டின் அளவுக்குக் கடைந்த மரக் கழியைத் தட்டின் துளை வழியே ஃபிளைவீல் பேரிங் வரை செருகி நடுநிலைப்படுத்திய பின்னரே, சுற்றிலுமுள்ள போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

மீண்டும் இணைக்கையில்தான் அவசரம் கெடுதல் செய்கிறது. இரு பாதிகளும் ஒரு விரல் இடைவெளியில் வந்து நின்றுவிட்டால், போல்ட்டுகளை முறுக்கி இழுத்து மூட முயலாதீர்கள். தண்டின் பற்களும் தட்டின் பற்களும் இன்னும் பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். இழுத்தால் புதிய தட்டின் நடுப்பாகம் வளைந்துவிடும். இரு முகங்களும் இணையாக உள்ளனவா என்று பார்த்து, எஞ்சினைக் கையால் சிறிது திருப்பினால், பற்கள் கூடித் தாமாகவே உள்ளே செல்லும்.

மிதியின் தளர்வைப் புதிதாக அளந்து வைத்து, முதற் சில நாட்கள் இலேசான வேலையே கொடுங்கள். லைனிங் படிந்தபின் மறுமுறை அளந்து, நடு இணைப்பின் போல்ட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். முன்னச்சில் அடித்த ஆப்புகளைக் கழற்ற மறந்து வண்டியை வெளியே ஓட்டிச் சென்றவர்களும் உண்டு. முதல் வரப்பில் ஏறும்போது ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.