மோதிய வண்டி எது?

தொண்ணூறுகளில் டெல்லியில் இருந்தவர்களிடம் ‘ரெட்லைன்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அரசு பஸ் போதாமல் 1992-இல் தனியாருக்குத் தடம் திறந்துவிட்டபோது வந்த சிவப்பு பஸ்கள் அவை. டிக்கெட் எவ்வளவு கிழிகிறதோ அவ்வளவுதான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கூலி. ஒரே ரூட்டில் இரண்டு பஸ் முன்னும் பின்னும் வந்துவிட்டால் அடுத்த ஸ்டாப்பை யார் முதலில் பிடிப்பது என்ற பந்தயம் ஆரம்பமாகிவிடும். ஸ்டாப்பில் வண்டி முழுசாக நிற்காது. ஏறுகிறவர் ஓடி ஏற வேண்டும், இறங்குகிறவர் குதித்து இறங்க வேண்டும். சாவு பெருகி ஊரே ஏசத் தொடங்கியதும் பெயின்டை மாற்றி ‘புளூலைன்’ ஆக்கினார்கள். கூலிக் கணக்கு அப்படியே இருந்தது, பந்தயமும் இருந்தது. 2007-இல் மட்டும் புளூலைன் பஸ்களால் நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

1997 நவம்பர் 18 அன்று வஜீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து ஒன்று யமுனையில் விழுந்து இருபத்தெட்டுக் குழந்தைகள் இறந்தன. இரண்டே நாளில் உச்ச நீதிமன்றம், டெல்லிக்குள் கனரக வண்டிகள் 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதற்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அன்று கொல்வது எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பஸ்ஸின் நிறம் தெரியும், ரூட் நம்பர் தெரியும்.

அந்தக் காலத்திலேயே டெல்லி ஐ.ஐ.டி.யில் ஒருவர் வேறு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். தினேஷ் மோகன், அமெரிக்காவில் விபத்துக் காயங்களை ஆராய்ந்துவிட்டு ஊர் திரும்பியவர். உலகத்து மோதல் ஆய்வுக் கூடங்கள் பெரும்பாலும் அப்போது காரைச் சுவரில் மோதவிட்டு உள்ளே இருக்கிற பொம்மைக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பொம்மையும் சுமார் 78 கிலோ எடையுள்ள சராசரி அமெரிக்க ஆண். டெல்லியில் செத்தவர்களில் பெரும்பாலோர் காருக்குள்ளேயே இல்லை. நடந்தும், சைக்கிளிலும், ஸ்கூட்டரிலும் போனவர்கள். எனவே, பஸ்ஸின் முகப்பை எந்த உயரத்தில், எவ்வளவு இளக்கமாக அமைத்தால் அடிபடுகிறவர் பிழைப்பார் என்று சுவீடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 1992-இலேயே அவர் கட்டுரை எழுதினார். ஆள்மீது மோதும் ஆட்டோவின் முகப்பையும் அவருடைய குழு விடவில்லை. டிரைவரைத் திட்டுவது சுலபம், எவ்வளவு திட்டினாலும் எண்ணிக்கை குறையாது என்பது அவர் கட்சி. 2021 மே மாதம் கோவிட்டில் அவர் இறந்தபோது அந்த வேலை பாதியில்தான் இருந்தது.

இன்று நிலைமை என்ன? ஒரு பக்கம் நல்ல சேதி. புளூலைன் ஒழிந்தது. 2002-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ஊரெங்கும் பரவிவிட்டது. 2010-இல் டெல்லிச் சாலைகளில் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023-இல் அது 1,450 வாக்கில். மக்கள்தொகையும் வண்டிகளும் பெருகிய ஊரில் இது சின்ன விஷயமில்லை. கார்களும் திருந்தின. 2014-இல் நம் நாட்டின் பிரபலமான ஐந்து சின்னக் கார்கள் உலக மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. இப்போது 2023-இல் தொடங்கிய ‘பாரத் என்கேப்’ சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியதை ஷோரூமில் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் அதைக் கேட்கிறார்கள்.

ஆனால் இந்த நட்சத்திரங்களெல்லாம் பெரும்பாலும் உள்ளே இருப்பவருக்கு. டெல்லியில் சாகிறவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் இன்றும் நடந்து போகிறவர்கள். மாறியிருப்பது மோதுகிறவர் யார் என்பதுதான். டெல்லி போலீஸின் வருடாந்தர விபத்து அறிக்கையில், மோதிய வாகனம் எது என்ற பகுதியைப் பாருங்கள். அன்று பஸ்ஸும் லாரியும் நின்ற இடத்தில் இன்று பெருமளவுக்கு ‘அடையாளம் தெரியாத வாகனம்’. ராத்திரி அகண்ட சாலையில் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சாலையை அகண்டதாக ஆக்கியதும் நாம்தான். ரிங் ரோட்டில் சிக்னலே இல்லாமல் போக வேண்டும் என்று ஃபிளைஓவருக்கு மேல் ஃபிளைஓவர் கட்டினோம். சிக்னல் போனதோடு கடக்கிற இடமும் போயிற்று. இடுப்பளவு டிவைடர் கம்பியில் ஒரு கம்பியை வளைத்து ஆள் நுழைகிற சந்து பண்ணியிருப்பார்கள். கம்பி பளபளவென்று தேய்ந்திருக்கும். தினமும் அத்தனை பேர் அங்கே கடக்கிறார்கள் என்று அர்த்தம். ஆய்வாளர் வருவதற்கு முன்னாலேயே ஊர் ஜனம் அங்கே கணக்கெடுத்துக் கொடுத்திருக்கிறது. நடைமேம்பாலம் இருக்கிறதே என்பார்கள். தலையில் மூட்டையோடு ஐம்பது படி ஏறச் சொல்கிறவர் ஒரு தரம் ஏறிப் பார்க்கட்டும்.

பஸ்ஸுக்குத் தனித் தடம், பக்கத்தில் சைக்கிள் பாதை, நடைபாதை என்று அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு 2008-இல் ஒரு முயற்சி நடந்தது. கார்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள், 2016-இல் இடித்தார்கள். குறைகள் அதில் இருந்தன. திருத்தியிருக்கலாம் என்பதுதான் என் கருத்து.

இனி ஆராய்ச்சி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்குப் பதில் இந்தச் சாலைகளில்தான் இருக்கிறது. தகவல் சேகரிப்பில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட இடம் உண்டு. விபத்து நடந்த இடத்துக்கே போய், டயர் தடத்தையும் நசுங்கலையும் அளந்து பதிவுசெய்யும் ‘ராஸி’ திட்டம் 2011-இல் கோவைப் பகுதியில் வேர்விட்டது. போலீஸ்காரர் கைப்பேசியில் விவரம் ஏற்றும் தேசியத் தரவுத்தளத்தை உருவாக்கியதில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பங்கு உண்டு. நாடு முழுக்கச் சாலைப் பாதுகாப்பை நீதிமன்றக் கண்காணிப்புக்குக் கொண்டுவந்ததே கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் போட்ட பொதுநல வழக்குதான்.

ஆனால் மோதிய வண்டியே கிடைக்காவிட்டால் எந்த நசுங்கலை அளப்பது? பம்பர் உயரம் தெரியாது, பிரேக் போட்டாரா தெரியாது. வண்டி ஓடிவிடும், சாலை அங்கேயேதான் கிடக்கும். ஆகவே டெல்லிக்கு வேண்டிய ஆய்வு, செத்தவர் எங்கே கடந்தார், ஏன் அங்கே கடந்தார், அந்த இடத்தில் வண்டிகள் என்ன வேகத்தில் வருகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அடிபட்டால் பெரும்பாலோர் பிழைப்பார்கள்; 60-ஐத் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். வடக்கு டெல்லி பல்ஸ்வா சௌக்கில் ‘சேவ்லைஃப்’ அமைப்பு 2021-இல் பெயின்டும் கூம்புகளும் வைத்துச் சாலையைக் குறுக்கி, கடப்பவர் நின்று மூச்சு வாங்க இடம் ஒதுக்கிப் பார்த்தது. கோடிக்கணக்கில் செலவாகும் வேலை அல்ல அது.

சாலைகள் திருந்தும்வரை நம் கையில் இருப்பது ஒன்று. யாராவது அடிபட்டுக் கிடந்தால் 112-க்கு அழையுங்கள், மோதிய வண்டியின் எண்ணைப் பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். உதவுகிறவரை அலைக்கழிக்கக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2019-இல் அது சட்டமும் ஆகிவிட்டது. விருப்பமில்லை என்றால் உங்கள் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 2025 மே முதல் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் காசில்லாச் சிகிச்சையும் உண்டு.