சித்திரப் படமும் பல்லிய இசையும்: ஜோ ஹிசாயிஷி

நடிகரைக் கொண்டு எடுக்கப்படும் திரைப்படத்திலே காட்சியோடு அவ்விடத்து ஒலியும் பதிவாதல் கூடும். கையால் வரையப்படும் சித்திரப் படத்துக்கோ அவ்வாய்ப்பு இல்லை. காற்றின் ஓசை முதல் மௌனம் ஈறாக யாவும் அங்கே ஆக்கிச் சேர்க்கப்பட வேண்டியனவே. ஆதலின், ‘அனிமே’ எனப்படும் யப்பானியச் சித்திரப் படங்களில் இசையமைப்பாளர் தாங்கும் பொறுப்புப் பெரிது. 1984 முதல் 2023 வரை ஹயாவோ மியசாகி நெறிப்படுத்திய 11 முழுநீளப் படங்களுக்கும் அப்பொறுப்பைத் தாங்கியவர் ஜோ ஹிசாயிஷி.

1950ஆம் ஆண்டு நாகானோ மாகாணத்திற் பிறந்த இவரது இயற்பெயர் மமோரு புஜிசாவா. அமெரிக்க இசைஞர் குயின்சி ஜோன்சின் பெயரை யப்பானிய எழுத்துக்களுக்கு இசைய மாற்றித் தமக்குப் புனைபெயராகக் கொண்டார். குனிட்டாச்சி இசைக் கல்லூரியிற் பயின்ற இவரை ஆட்கொண்டது ‘மினிமல்’ என்னும் இசைநெறி. சில சுரங்களாலாய சிறு தொடரைத் திரும்பத் திரும்ப இசைத்து, அதனிடத்தே சிறுகச் சிறுக வேறுபாடு விளைத்தலே அந்நெறி. அவ்வகையில் இவர் ஆக்கிய ‘முக்வாஜு’ என்னும் இசைத்தட்டு 1981இல் வெளிவந்தது.

பின்னர்ப் பொதுமக்கள் விரும்பும் இசையின்பால் இவர் திரும்பினார். ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிக்கா’ என்ற படம் 1984இல் வெளிவருமுன்னரே, அக்கதையின் கற்பனையை இசையாக வடித்து 1983இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். படம் முடிந்தபின் இசை சேர்த்தலே பெருவழக்கு. இங்கோ இசை முன்னே பிறந்து, அதிலிருந்து படத்துக்குரிய பண்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. இம்முறை பின்வந்த படங்கள் பலவற்றிலும் கைக்கொள்ளப்பட்டது.

எனினும், இளமையிற் கற்ற நெறியை இவர் துறந்தார் என்று கொள்ளுதல் பொருந்தாது. 2004இல் வெளியான ‘ஹவுலின் நகரும் கோட்டை’யில் நாயகி சோபி, பதினெட்டு வயதினளாகவும் தொண்ணூறு வயதினளாகவும் தோன்றுகிறாள். படமெங்கும் ஒரே பண் ஆளவேண்டும் என மியசாகி வேண்டினார். ஹிசாயிஷி இயற்றிய மூன்றடித் தாள நடனப்பண், ஓரிடத்திற் பியானோவிலே தனித்து ஒலிக்கும். பிறிதோரிடத்திற் பல்லியம் முழுவதிலும் பொங்கும். முகம் மாறினும் உள்ளம் மாறாமையை உணர்த்துவது அப்பண்ணேயாம். சிறிதைக் கொண்டு பெரிதை ஆக்கும் பழைய பயிற்சியன்றோ இங்கே துணைநின்றது!

2023இல் வந்த ‘சிறுவனும் நாரையும்’ படத்திலே சில சுரங்களே பயிலும் பியானோ இசை முதன்மை பெறுகின்றது. அதே ஆண்டில் இலண்டன் றோயல் பில்ஹார்மொனிக் பல்லியத்துடன் இவர் பதிவுசெய்த படப்பண்களின் தொகுதியும் வெளிவந்தது. சிறுவர்க்கான படத்தின் இசை தாழ்ந்தது, அரங்கிசையே உயர்ந்தது எனப் பிரித்து எண்ணுவார்க்கு இவருடைய வாழ்வே தக்க மறுமொழியாகும்.