கண்காணிப்பும் காணாமையும்: அரசின் ஒப்பந்தச் சேவைகள் குறித்துச் சில குறிப்புகள்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் போனால் ஊர் முடிகிற இடத்தில் வேங்கிக்கால். 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்டுப் புது மாவட்டம் உருவான பிறகு ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பகுதி ஆட்சியர் அலுவலகத்தின் முகவரியாகிவிட்டது. திங்கட்கிழமை தோறும் குறைதீர்வு நாள். மனுவோடு வருகிறவர்கள் அரசைத் தேடி வருகிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட எந்த அரசு வளாகத்தை எடுத்துக்கொண்டாலும், வாசலைக் கூட்டுபவர், இரவுக் காவலர், ஜீப் ஓட்டுபவர், கணினியில் தட்டச்சு செய்பவர் என்று நாம் எதிர்கொள்ளும் முகங்களில் பல அரசுடையவை அல்ல. அவை 'வெளிமுகமை'யின் முகங்கள். பேச்சு வழக்கில் சொன்னால், 'கான்ட்ராக்ட் ஆளுங்க'.

இந்த வெளிமுகமையை அரசு எப்படிக் கண்காணிக்கிறது என்பதுதான் நம் கேள்வி. கண்காணிப்பு என்றதும் நம் சிற்றிதழ் மரபில் ஃபூக்கோவின் நினைவு வராமல் போகாது. எல்லாவற்றையும் பார்க்கிற, பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வையே சிறையாக்கிவிடுகிற அதிகாரம் பற்றி அவர் 1975இல் எழுதினார். நான் பேச நினைப்பது இதன் மறுபக்கம். சில இடங்களில் அதிகாரம் பார்க்காமலிருப்பதையே ஒரு கலையாகப் பயில்கிறது. சட்டமும் அதற்கு ஒத்தாசை செய்கிறது.

முதலில் அது எதைப் பார்க்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டு 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. டெண்டர் அறிவிப்பைச் செய்தி மடலில் வெளியிட வேண்டும், எல்லோர் முன்னிலையிலும் உறையைப் பிரிக்க வேண்டும், பிரிவு 10இன்படி மதிப்பிட்டுக் குறைந்த விலைப்புள்ளியை ஏற்க வேண்டும். முன்பு இருட்டறையில் நடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த சட்டம் என்ற அளவில் இதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பிரிவு 11ஐப் படித்துப் பாருங்கள். மேல்முறையீடு செய்யும் உரிமை யாருக்கு? பாதிக்கப்பட்ட டெண்டர்தாரருக்கு, பத்து நாட்களுக்குள். வேலை செய்யப்போகிறவருக்கு இல்லை. அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கும் இல்லை. கான்ட்ராக்டர்களுக்கிடையே நியாயம் வழங்கும் சட்டம் அது. கையெழுத்தான மறுநாள் தொடங்கும் வாழ்க்கை அதன் பார்வைக்கு வெளியே இருக்கிறது.

மத்திய அரசின் பொது நிதி விதிகளிலும் (2017) இதே சாய்வுதான். கொள்முதல் எப்படிச் செய்வது என்பதற்கு அத்தியாயமே உண்டு. ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கையில் கண்காணிப்பது பற்றி, துறை தொடர்ந்து ஈடுபட்டு ஒப்பந்தக்காரரின் செயல்பாட்டைக் கவனிக்க வேண்டும் என்று ஒன்றிரண்டு வரி. பிறகு தணிக்கை வருகிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கையோ இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையோ வரும்போது காலம் கடந்திருக்கும். அப்போது அவர்கள் முன் இருப்பது பட்டியலும் வவுச்சரும்தான். ஐம்பது பேர் என்று பில்லில் இருந்தால் ஐம்பது கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்தக் காலையில் தெருவில் நின்றது எத்தனை பேர் என்று காகிதத்திடம் கேட்க முடியாது.

கட்டடம் கட்டினால் சிமெண்டைச் சோதிக்கலாம், அளவுப் புத்தகத்தில் நீள அகலம் குறிக்கலாம். கூட்டிய தரை சாயங்காலத்துக்குள் மறுபடி அழுக்காகிவிடுகிறது. சேவையின் சிக்கலே இதுதான்: செய்த உடனே மறைந்துவிடுகிறது. ஆலிவர் ஹார்ட், ஷ்லைஃபர், விஷ்னி மூவரும் 1997இல் தனியார் சிறைகளை முன்வைத்து எழுதிய கட்டுரையின் சாரமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. தரத்தில் ஒரு பகுதியை ஒப்பந்தத்தில் எழுதவே முடியாது. செலவைக் குறைத்தால் மிச்சம் தனக்கே என்றிருக்கும் ஒப்பந்தக்காரர், எழுதப்படாத அந்தப் பகுதியில்தான் கை வைப்பார். நம் ஊரில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். துப்புரவு ஒப்பந்தத்தில் செலவு என்பதே பெரும்பாலும் கூலிதான். ஆக, குறைந்த விலைப்புள்ளி என்றால் யாருடைய வயிற்றில் குறைத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, அதிகாரி நேரில் போய் நின்று பார்க்கட்டுமே என்று தோன்றும். இங்கேதான் விஷயம் முடிச்சாகிறது. ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றுக்கொள்ளும்படி முதன்மை வேலையளிப்பவரைக் கட்டாயப்படுத்தலாம் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அதைப் புரட்டிப் போட்டது. ஒப்பந்தம் வெறும் பாசாங்கு என்று நிரூபித்தால்தான் தொழிலாளி நேரடிப் பணியாளர் ஆவார். பாசாங்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 2014இல் பல்வந்த் ராய் சலூஜா வழக்கில் நீதிமன்றம் கேள்விகளை வகைப்படுத்தியது. யார் நியமித்தது, யார் சம்பளம் தருவது, யாரால் நீக்க முடியும், யார் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது, பணி தொடர்ச்சியானதா, கட்டுப்பாடும் மேற்பார்வையும் யாருடையது.

கடைசிக் கேள்வியை அதிகாரியின் நாற்காலியிலிருந்து படித்துப் பாருங்கள். அவர் தினமும் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையுறை தந்தார்களா, கூலி வந்ததா என்று விசாரித்தால், அதுவே நாளைக்கு நீதிமன்றத்தில் 'மேற்பார்வை'க்கான சாட்சியம். நல்ல அதிகாரி கெட்ட வழக்கை வரவழைக்கிறார்! அதனால்தான் டெண்டர் ஆவணங்களில் 'வேலையளிப்பவர்–பணியாளர் உறவு ஏதுமில்லை' என்ற ஷரத்து மந்திரம் போலத் திரும்பத் திரும்ப வருகிறது. அலுவலகத் தாழ்வாரங்களில் இதன் தமிழாக்கம் சுருக்கமாக இருக்கும்: 'அது கான்ட்ராக்டர் பாத்துக்குவாரு, நமக்கெதுக்கு வம்பு.' இதைச் சோம்பல் என்று நினைத்தால் தவறு. சட்டத்தை நன்றாகப் படித்தவர் பேசும் பேச்சு இது.

இத்தனைக்கும் 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் எதிர்த் திசையில் ஒரு கடமையை வைத்திருந்தது. அதன் 21ஆம் பிரிவின்படி, கூலி கொடுக்கும் இடத்தில் முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி நின்று பார்த்துச் சான்றளிக்க வேண்டும். கான்ட்ராக்டர் தராவிட்டால் அவரே தர வேண்டும். பார் என்றது ஒரு விதி. பார்த்தால் மாட்டிக்கொள்வாய் என்று மிரட்டியது தீர்ப்புகளின் போக்கு. இரண்டுக்கும் நடுவில் கையெழுத்து மட்டும் மிஞ்சியது.

இதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, நிரந்தரத் தன்மை உள்ள வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. எது நிரந்தர வேலை? கிரிவலத்தையே எடுத்துக்கொள்வோம். பதினான்கு கிலோமீட்டர் பாதை. வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பௌர்ணமி, கார்த்திகையில் தீபத் திருவிழா. பௌர்ணமிக்கு இரண்டு நாள் வீதம் வைத்தாலும் திருவிழா நாட்களையும் சேர்த்து நாற்பதைத் தாண்டுவது சிரமம். இடைவிட்ட வேலைக்கு அந்தச் சட்டம் வைத்த எல்லையோ ஆண்டுக்கு 120 நாள். பருவகால வேலைக்கு 60 நாள். இந்த எல்லை நிறுவனம் முழுமைக்குமானது, உள்ளாட்சி இதைக் காட்டித் தப்ப முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் நிலவு இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும் குப்பையை நாட்கணக்கில் 'தற்காலிகம்' ஆக்க முடிகிற தர்க்கத்தைக் கவனியுங்கள். ஒரு வேலை நிரந்தரமானதா என்று தகராறு வந்தால் இறுதி முடிவு யாருடையது? 'உரிய அரசு' உடையது என்றது பிரிவு 10இன் விளக்கம். அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தால் பணம் மிச்சப்படுத்துகிறவரே நடுவர்.

2025 நவம்பர் 21இல் அந்தச் சட்டம் போய், பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் (2020) அமலுக்கு வந்துவிட்டது. 'மைய வேலை'யில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது அது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் கூட்டுவது, குப்பை அள்ளுவது, காவல் காப்பது எல்லாம் மைய வேலை அல்ல என்று பட்டியலிட்டுவிடுகிறது. நிறுவனமே அதற்காக ஏற்படுத்தப்பட்டிருந்தால் ஒழிய. குப்பை அள்ளாத நகராட்சியை நகராட்சி என்று சொல்லலாமா என்பது இனி வழக்கு மன்றத்தில் அடிபடும். இருபது பேர் என்றிருந்த வரம்பு ஐம்பதாக உயர்ந்திருப்பதால் நாற்பத்தைந்து பேர் வைத்திருக்கும் சிறு கான்ட்ராக்டருக்கு உரிமக் கவலையும் இல்லை.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152 மாநகராட்சிகளின் கடைநிலைப் பணிகளை வெளிமுகமைக்குத் திருப்பியது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததற்கு எதிராக. நடைபாதையைக் காலிசெய்யச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. இங்கே சாதியைப் பேசாமல் இருக்க முடியாது. தலித்துகளுக்கு, அதிலும் அருந்ததியர்க்கு, பிறப்பின் பேரால் திணிக்கப்பட்ட இந்த வேலையில் ஒரே ஆறுதல் நகராட்சியின் நிரந்தரப் பணி, ஓய்வூதியம். வேலையின் இழிவு அப்படியே இருக்க, ஆறுதல் மட்டும் வெளிமுகமைக்குப் போய்விட்டது. கான்ட்ராக்டர் ஆள் எடுக்கும்போது இட ஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்கவும் வழியில்லை.

நீதிமன்றத்தின் குரல் சற்று மாறியிருப்பதையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டு கூட்டிப் பெருக்கிய பெண்களைப் பணிவரன்முறைப்படுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2006இன் உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கும் அரசுகளைக் கண்டித்தது. வெளிமுகமையை நிரந்தர நியமனத்தைத் தட்டிக்கழிக்கும் வழியாக்குவதையும் சாடியது.

ஆனால் அன்றாடக் கண்காணிப்புக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலைகளின் வருகைப் பதிவேட்டைத் திறந்த வெளியில் உரக்கப் படித்தார்கள். 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் 17ஆம் பிரிவில் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை உரிமை தந்தது அந்த வழியில்தான். அதிகாரியின் 'மேற்பார்வை' அல்ல அது, அதனால் ஒப்பந்தத்தைப் பாசாங்காக்கிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். வேலை செய்தவரும் தெருக்காரரும் சேர்ந்து பெயரையும் தொகையையும் சரிபார்ப்பது, அவ்வளவுதான். துப்புரவு ஒப்பந்தப் பதிவேடுகளுக்கு இது ஏன் பொருந்தாது?

இதற்கு வேண்டிய எண்கள் கைவசம் உண்டு. ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலியை அப்படியே கொடு என்பது தமிழ்நாடெங்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் பழைய கோரிக்கை. இந்த மாவட்டத்துக்கான அந்தத் தொகை வேங்கிக்காலில்தான் கையெழுத்தாகிறது. அதற்குப் பக்கத்தில் கான்ட்ராக்டரின் பில்லில் இருக்கும் தொகை ஒரு பத்தி, வைப்புநிதி என்று பிடித்தது ஒரு பத்தி, கடைசியில் அந்த அம்மாளின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது ஒரு பத்தி. திங்கட்கிழமை மனுக்காரர்கள் நிற்கும் அதே இடத்தில் ஒட்டிவைக்க ஒரு பலகை போதும்.