கடலடிப் புல்வெளி – 7: கடல் வற்றக் காத்திருக்கும் பூ

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் ஒரே செடி மணலுக்கடியில் தண்டை நீட்டி நீட்டி 180 கிலோமீட்டர் பரவிய கதையைப் போன வாரமே சொல்லியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் விதைகளின் பயணம் என்று அறிவித்திருந்தேன். அதற்குள் நில்ஸ் ஸ்வெடேலியஸ் குறுக்கே வந்துவிட்டார்.

ஸ்வீடன் தாவரவியலாளர். பாசிகளை ஆராய்வதுதான் அவர் வேலை. பின்னாளில் பெயர் வாங்கித் தந்ததும் சிவப்புப் பாசிகள்தான். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாசி தேடி இலங்கைக்கு வந்தவரை என்ஹாலஸ் என்ற கடற்புல் பிடித்துக்கொண்டது. அது பூத்துக் காய்க்கும் கதையை அவர் எழுதியது 1904இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஆய்விதழில் வந்தது. பாசிக்காரர் புல்லில் மயங்கியிருக்கிறார் என்றால் காரணம் இல்லாமலா?

என்ஹாலஸ் நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் உண்டு. ஒரு மீட்டரையும் தாண்டி நீளும் இலைகள், அடித்தண்டைச் சுற்றிக் கறுப்பு நார். மற்றக் கடற்புற்கள் பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே மகரந்தத்தை விட்டுவிடும். குளிர்கடல்களில் வளரும் சோஸ்டெராவின் மகரந்தம் மில்லிமீட்டர் கணக்கில் நீண்ட இழை. மிதந்து போய்ச் சூல்முடியில் சுற்றிக்கொள்ள அந்த நீளம் தோது. என்ஹாலஸோ ஆண்பூவையே மொத்தமாக அனுப்பிவைக்கிறது.

இதில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆண்செடியின் அடிப்பக்கத்துப் பாளைக்குள் மிகச் சிறிய மொட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். முற்றியதும் ஒவ்வொன்றாகக் காம்பறுத்துக்கொண்டு மேலே வந்து, நீர்ப்பரப்பில் விரியும். பொரி இறைத்தது போல வெள்ளை வெளேரென்று மிதக்கும். நனையாது. காற்றும் நீரோட்டமும் தள்ளிய பக்கமெல்லாம் போகும்.

பெண்பூ செடியை விட்டு நகராது. நீண்ட காம்பின் நுனியில் நின்று, கடல் நன்றாக வற்றும்போதுதான் நீர்மட்டத்தைத் தொடும். அதற்கு மூன்று இதழ்கள், மடிப்பு மடிப்பாக. அவற்றிலும் நீர் ஒட்டாது. பரப்பில் சாய்ந்து கிடக்கும் அந்த மடிப்புகளுக்குள் ஆண்பூக்கள் வந்து சிக்கும். பிறகு ஓதம் ஏறும். பூ மூழ்குகையில் இதழ்கள் குவிந்து, வந்தவர்களை உள்ளேயே அடைத்துவிடும். மகரந்தம் சூல்முடியைத் தொடுவது அந்தச் சிறைக்குள்தான். கருவுற்றதும் காம்பு திருகிச் சுருண்டு காயைக் கீழே இழுத்துக்கொள்ளும்.

மீன்தொட்டிகளில் வளர்க்கிறார்களே வாலிஸ்நேரியா, அதுவும் இந்தக் குடும்பம்தான். நன்னீரில் கிட்டத்தட்ட இதே வித்தையைச் செய்கிறது. ஆனால் குளத்தில் தண்ணீர் இப்படி ஏறி இறங்குவதில்லை. என்ஹாலஸ் ஓதத்தை நம்பிப் பிழைப்பு நடத்துகிறது. எவ்வளவு வற்றினாலும் காம்பு எட்டாத ஆழத்தில் வேரூன்றிய பெண்செடிக்கு இந்த வழி அடைபட்டதுதான். தண்டை நீட்டிப் பரவுவது ஒன்றே மிச்சம்.

இங்கேதான் போன வாரக் கதை வந்து இடிக்கிறது. தண்டு நீண்டு உருவான புல்வெளி எவ்வளவு பெரிதானாலும் ஒரே செடி. என்ஹாலஸைப் போல ஆண்செடி வேறு, பெண்செடி வேறாக உள்ள இனத்தில் அது ஆண் என்றால் அத்தனையும் ஆண். எதிர்ப்பால் செடி அக்கம்பக்கத்தில் இல்லையென்றால் ஏக்கர் கணக்கில் பரவியும் ஒரு விதை கிடையாது. பரப்பளவை மட்டும் அளந்துவிட்டுக் கடற்புல் நலமாக இருக்கிறது என்று அறிக்கை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை போனது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த வாரம் வரை தாங்காது. கரீபியக் கடலில் ஆமைப்புல் என்றொரு வகை. அதன் ஆண்பூக்கள் இரவில் விரியும். பசைக்குள் பொதிந்த மகரந்தத்தைத் தின்ன நண்டு, இறால் இனங்களின் குஞ்சுகளும் புழுக்களும் வந்து மொய்த்தன. அவையே மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டு சேர்ப்பதையும் மெக்சிகோவில் பிரிகிட்டா வான் துசென்புரூக் குழுவினர் தொட்டிச் சோதனையில் காட்டினார்கள். 2016இல் வெளியான ஆய்வு. அதுவரை கடலுக்குள் இந்த வேலை முழுக்கத் தண்ணீருடையது என்றே பாடம் நடந்துகொண்டிருந்தது.

விதைக்கு ஒதுக்கிய பக்கம் பூவிலேயே தீர்ந்துவிட்டது. என்ஹாலஸின் காய் அறுந்து நாள்கணக்கில் மிதக்கும்; வெடித்து வெளியே வரும் விதை சில மணி நேரத்தில் மூழ்கிவிடும். இந்த வித்தியாசத்தில்தான் அதன் பயண தூரம் இருக்கிறது. அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்கி, கடற்பசுவின் குடல் வழியாக வெளியேறியும் முளைக்கிற விதைகள் வரை போகலாம். காலைப் பலகாரத்தோடு இத்தொடரைப் படிக்கிறவர்கள் அன்று மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ளவும்.

(தொடரும்)