கழுநீர்த் தொட்டி

எங்கள் வீட்டுக் கொல்லையில், மாட்டுத் தொழுவத்தின் வாசலுக்கு வலப்புறம், கருங்கல்லில் குடைந்த கழுநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அரிசி களைந்த நீரும், சாதம் வடித்த கஞ்சியும், காய்கறித் தோலும், முதல் நாள் இரவே ஊறப் போட்ட கடலைப் புண்ணாக்கும், மேலே தூவிய இரண்டு கைத் தவிடும், ஒரு பிடி கல்லுப்புமாகக் கலந்து கிடந்த அந்தத் தொட்டியில், காலையிலும் மாலையிலும் பசு மூக்கு முங்கும்வரை முகத்தை அமிழ்த்தி உறிஞ்சுகிற ஓசை அடுக்களைவரை கேட்கும். அந்த ஓசை அடங்கி, தொட்டியின் அடியை நாக்குச் சுரண்டுகிற சத்தம் எழுந்த பிறகுதான் என் பாட்டி பால் செம்பைக் கையில் எடுப்பாள். தஞ்சை ஜில்லாவின் ஆற்றுப் பாசன கிராமங்களில் அந்நாளில் பசுவின் ஆகாரம் என்றால் அந்தத் தொட்டியும், வைக்கோற் போரும், வரப்பில் அறுத்த புல்லும்தான்.

அப்போது எங்கள் பக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் உம்பளச்சேரி மாடுகள். சேற்றில் ஏர் இழுப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட அந்த ஜாதியில், கன்று குடித்தது போக வேளைக்கு ஒரு லிட்டர் கிடைத்தாலே வீட்டார் மகிழ்ந்துபோவார்கள். இன்று அதே தொழுவங்களில் நிற்கிற ஜெர்ஸிக் கலப்புப் பசு நாளொன்றுக்கு 10, 12 லிட்டர் கறக்கிறது. ஒவ்வொரு லிட்டர் பாலோடும் ஏறக்குறைய 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்தும், 30 கிராமுக்கு மேற்பட்ட புரதமும் அதன் தேகத்தை விட்டு வெளியேறுகின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், பழைய தொட்டியும் பழைய போரும் அதற்கு ஏன் போதவில்லை என்பது விளங்கும். ஆகவே ஜனங்கள் மூட்டைத் தீவனத்தையும், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற கால்சியம் புட்டியையும் நாடுகிறார்கள். நாடுவதில் தவறு ஏதுமில்லை. ஆனால் பால் உற்பத்திச் செலவில் நூற்றுக்கு 60, 70 பங்கு தீவனத்துக்கே போகிற ஒரு தொழிலில், எதை எதற்காக எவ்வளவு கொடுக்கிறோம் என்று அறியாமல் கொடுத்தால் பணமும் போய்ப் பசுவும் மெலிகிறது.

அதை அறிவதற்கு, நாம் போடுகிற தீனியை உண்மையில் யார் தின்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பசுவின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. அவற்றுள் பெரியதான ரூமன் என்னும் பெருவயிறு, நூறு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய ஓர் ஊறற்பானை. வைக்கோலின் நாரைச் செரிக்கும் சக்தி பசுவின் சொந்தத் தேகத்துக்குக் கிடையாது. அந்தப் பானைக்குள் கோடானுகோடியாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம் நாரை நொதிக்கச் செய்து அசெடிக், புரொபியோனிக், பியூட்ரிக் என்னும் அமிலங்களாக மாற்றிப் பசுவுக்கு அளிக்கின்றன. முதலாவது பாலின் கொழுப்புக்கு மூலப்பொருளாகிறது. இரண்டாவது ஈரலில் சர்க்கரையாக மாறிப் பாலின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த நுண்ணுயிர்களே பின்னர் அடுத்த அறைகளுக்குள் அடித்துச் செல்லப்பட்டு, தாமும் ஜீரணமாகி, பசுவுக்குப் புரதமாகிவிடுகின்றன. பசு நிழலில் படுத்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு ஏழெட்டு மணி நேரம் அசைபோடுகிறதே, அப்போது ஊறுகிற உமிழ்நீர் நாளொன்றுக்கு நூறு லிட்டரைத் தாண்டும். அதிலுள்ள சோடா உப்புத்தான் பெருவயிற்றில் புளிப்பு மிஞ்சாமல் காத்துவருகிறது. அசைபோடத் தூண்டுவது நார். வைக்கோலைக் குறைத்துவிட்டு மூட்டைத் தீவனத்தை வாரிவாரி வைக்கிறவர்களின் பாலில் கொழுப்புக் குறைந்து, பால் கூட்டுறவுச் சங்கத்தில் விலையும் குறைந்து, அளக்கிறவர் மேல் அவர்கள் சந்தேகப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். குறை அங்கே இல்லை, தொழுவத்தில் இருக்கிறது.

புளிப்பு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை நான் புஸ்தகம் படித்து அறியவில்லை. ஒரு மாட்டுப் பொங்கலன்று, கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை கட்டி, நெற்றியில் குங்குமமிட்டு நின்ற எங்கள் பசுவுக்குப் பாட்டி பெரிய வாழையிலை நிறையப் பொங்கலை வைத்தாள்; அண்டை வீட்டாரும் ஆளுக்கொரு இலை கொண்டுவந்து வைத்தார்கள்; பசுவும் எல்லாவற்றையும் ஆசையோடு தின்றது. மறுநாள் விடியற்காலையில் அது எழுந்திருக்கவில்லை. இடது விலாப்புறம் உப்பியிருந்தது. கண்கள் குழிவிழுந்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்திருந்தது. புளித்த மாவின் நாற்றத்தோடு தண்ணீராய்க் கழிந்த சாணியில் முழுமுழுச் சோற்றுப் பருக்கைகள் கிடந்தன. கால்நடை வைத்தியர் வந்து, விலாவை முஷ்டியால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “நேற்று எவ்வளவு சோறு வைத்தீர்கள், அம்மா?” என்று கேட்டார்.

“நல்ல நாளாச்சேங்க. வாயில்லா ஜீவன், ஆசையாத் தின்னுச்சு, வச்சேன்” என்றாள் பாட்டி. அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

அவர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாயால் புகட்டினார்; நரம்பில் மருந்து ஏற்றினார்; மூன்று நாளைக்கு வைக்கோலைத் தவிர வேறெதையும் கண்ணில் காட்டக்கூடாது என்று சொல்லிப் போனார். பசு பிழைத்தது; பால் அந்த ஈற்றில் பழையபடி திரும்பவில்லை. சோற்றிலுள்ள மாவுச்சத்து ஒரே சமயத்தில் பெருவயிற்றில் இறங்கும்போது, அதைத் தின்று பெருகும் ஒருவகைக் கிருமிகள் லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. நாரைச் செரிக்கும் நல்ல உயிர்கள் அந்தப் புளிப்பில் மடிகின்றன. அமிலம் இரத்தத்திலும் கலக்கிறது. ஒவ்வொரு தை மாதத்திலும் கால்நடை மருத்துவர்கள் இதைப்பற்றி எச்சரிக்கிறார்கள். கல்யாண வீட்டில் மீந்த சோற்றைப் புண்ணியமென்று கருதி மாட்டுக்குக் கொட்டுகிறவர்களுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். எந்தப் புதிய தீவனத்தையும், அது எவ்வளவு உயர்ந்ததானாலும், பத்துப் பதினைந்து நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும் என்ற விதியும் இதனாலேயே ஏற்பட்டது. வயிற்றில் குடியிருப்பவை மாற அவ்வளவு காலம் பிடிக்கும்.

புண்ணாக்கு விஷயத்துக்கு வருவோம். கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் புரதம் உண்டு. எள்ளுப் புண்ணாக்கு அதற்குச் சற்றுக் குறைவு. தேங்காய்ப் புண்ணாக்கில் 20 பங்கை ஒட்டி இருக்கும். கடலையின் புரதம் பெருவயிற்றிலேயே பெரும்பாலும் கரைந்து நுண்ணுயிர்களுக்கு ஆகாரமாகிவிட, தேங்காய், பருத்திக்கொட்டை ஆகியவற்றின் புரதத்தில் கணிசமான பங்கு கரையாமல் குடல்வரை சென்று பசுவுக்கே நேராகச் சேருவதால், இரண்டையும் கலந்து வைத்த நம் பெரியோரின் வழக்கம் மிகவும் நல்ல வழக்கம். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. மரச்செக்கில் ஆட்டிய புண்ணாக்கில் எண்ணெய் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்காவது தங்கியிருக்கும். ரசாயனக் கரைப்பானால் எண்ணெய் முழுவதையும் வடித்தெடுக்கிற ஆலையிலிருந்து வருவதில் ஒரு பங்கே மிஞ்சும். தவிட்டுக்கும் இதே கதிதான். பெயர் பழைய பெயராகவே இருப்பதால், பாட்டி வைத்த அளவையே நாமும் வைத்து, பசு ஏன் இளைக்கிறது என்று திகைக்கிறோம். எண்ணெய் நீக்கியது கெட்ட பொருளன்று. புரதம் அதில் சற்று மிகுதிகூட. குறைவது வலு, அதைச் சோளமோ மக்காச்சோளமோ அரைத்துச் சேர்த்து ஈடுசெய்ய வேண்டும். பசுவின் சொந்த உடம்புக்கென ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதன்மேல் கறக்கிற லிட்டர் ஒவ்வொன்றுக்கும் 400 கிராம் என்பது அடர்தீவனத்துக்கு நடைமுறையில் உள்ள கணக்கு.

வாங்கும்போது புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பார்ப்பது அவசியம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாத வியாதியால் மடிந்தபோது, ஆராய்ந்தவர்கள் பிரேஸிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைக் கண்டார்கள். அதில் வளர்ந்திருந்த பூஞ்சணத்தின் நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். ஈரம் பட்ட கடலையிலும் மக்காச்சோளத்திலும் இது எளிதில் பற்றும். பசுவின் உடலில் சிறிது உருமாறிப் பாலோடு வெளிவரும், காய்ச்சினாலும் போகாது. 2018இல் நம் தேசமெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது 368 மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பைக் கடந்திருந்தது. அதிகமாகக் காணப்பட்ட ராஜ்யங்களில் தமிழ்நாடும் ஒன்று. தண்ணீர் கலப்பதை மகா பாவமென்று பேசுகிற நாம், பூஞ்சணம் பிடித்த மூட்டை மலிவாய்க் கிடைத்தால் மாட்டுக்குத்தானே என்று வாங்கிவிடுகிறோம். அந்த மலிவின் பலன் குழந்தையின் பாலடையில் வந்து சேர்கிறது.

இனிக் கால்சியம். கன்று ஈன்ற மறுநாளோ மூன்றாம் நாளோ, மூன்று நான்கு ஈற்றுக் கண்ட நல்ல கறவைப் பசு திடீரென்று கால் துவண்டு படுத்து, கழுத்தை விலாவின் மேல் மடித்துப் போட்டுக்கொண்டு, காது சில்லிட்டுக் கிடக்கும். இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர்; ஆனால் உடம்பில் காய்ச்சல் இராது. பத்து லிட்டர் சீம்பாலில் 23 கிராம் சுண்ணாம்புச் சத்து இறங்குகிறது. பசுவின் இரத்தத்திலோ ஒரு சமயத்தில் மூன்று கிராம் அளவே ஓடிக்கொண்டிருக்கிறது. எலும்பிலிருந்து வேகமாக எடுத்து ஈடுசெய்ய இயலாதபோது தசைகள் செயலற்றுப்போகின்றன. 1897இல் டென்மார்க்கில் ஷ்மிட் என்ற மருத்துவர், மடியில் ஏதோ விஷம் இருக்கிறது என்று எண்ணி அதற்குள் மருந்து செலுத்திச் சிகிச்சை செய்தார். பிறகு வெறும் காற்றை அடைத்தாலே பசு எழுந்துவிடுவதைக் கண்டார்கள். மடி இறுகியதால் பால் சுரப்பது நின்று, சுண்ணாம்பு இரத்தத்திலேயே தங்கியது என்ற விளக்கம் கால் நூற்றாண்டு கழித்தே கிடைத்தது. இக்காலத்தில் கால்சியம் போரோகுளுகோனேட்டை நரம்பில் மெதுவாக ஏற்றுகிறார்கள். மருந்து ஏற ஏறப் பசுவின் தோல் நடுங்குவதும், அது நீளமாய் ஓர் ஏப்பம் விடுவதும், சாணி போடுவதும், பிறகு பின்னங்காலை ஊன்றி எழுந்து நின்று கன்றைத் தேடுவதும் பார்க்கிறவர் மனத்தை விட்டு அகலாத காட்சி.

இதைக் கண்டு பயந்தவர்கள் சினையின் கடைசி மாதத்தில் புட்டி புட்டியாகக் கால்சியம் புகட்டுகிறார்கள். அந்தச் சமயத்தில் அது மிகுந்தால், எலும்பிலிருந்து சத்தை எடுக்கத் தூண்டும் சுரப்பி உறங்கிப்போகிறது. கன்று போட்டதும் திடீரென்று தேவைப்படும்போது அது விழித்துக்கொள்வதில்லை. வைத்தியர் சொல்லாமல் அந்த மாதத்தில் கொடுப்பது தகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். கறவைக் காலத்தில் நாள்தோறும் தேவைப்படுவது, 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை. சுண்ணாம்பும் பாஸ்பரஸும் தவிர, சினைபிடிக்க வேண்டிய தாமிரமும் துத்தநாகமும், நுண்ணுயிர்கள் பி-12 உயிர்ச்சத்தை உண்டாக்க வேண்டிய கோபால்ட்டும் அதில் இருக்கின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே அத்தகைய கலவையைத் தயாரித்து விற்கிறது. நெல் வைக்கோலைத் தின்னும் மாட்டுக்கு இது இரட்டிப்பு அவசியம். வைக்கோலிலுள்ள ஆக்ஸலேட், இருக்கிற சுண்ணாம்பையும் கட்டிப்போட்டுவிடுகிறது.

பசுந்தீவனத்தைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். கால் ஏக்கரில் கம்பு நேப்பியர்ப் புல்லும், வேலியோரம் அகத்தியும் வேலிமசாலும் வைத்திருப்பவருக்குப் பாதிப் புட்டிகள் தேவைப்படா என்பதை மட்டும் இங்கே சொல்லுகிறேன்.

நிலமில்லாதவருக்கு வைக்கோல்தான் கதி. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே. அதையும் உயர்த்த ஒரு வழி இருக்கிறது: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைப்பது. யூரியாவிலிருந்து எழும் அம்மோனியா நாரின் கட்டைத் தளர்த்துகிறது. புரத அளவும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. கரைத்த தண்ணீரை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு அந்த வைக்கோலைக் காட்டவே கூடாது. சென்ற கோடையில் என் மைத்துனர் வீட்டில் இப்படி மூடிய போரைத் திறந்தபோது உடன் இருந்தேன். நெடி கண்ணைக் கரித்தது. பொன்னிறமாக இருந்த வைக்கோல் பழுப்பேறி, கைக்கு மெத்தென்று இருந்தது. ஒரு கட்டை உதறி ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, பசுவின் முன் வைத்தார். அது முகர்ந்து, மூக்கைச் சுளித்து, தலையைத் திருப்பிக்கொண்டது. மேலே கொஞ்சம் தவிட்டைத் தூவினார். தவிட்டை நக்கியது; அதோடு ஒட்டிவந்த இரண்டு தாளை மென்றது; சற்று நின்று, மறுபடியும் குனிந்தது.